2016 மடிக்கணினியில் தம்ப்டிரைவ் வழியாக லினக்ஸ் மிண்ட்: பூட் ஆகும்போதே அணைந்துவிடுகிறது

ஈசூன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் மடிக்கணினி 2016ல் வாங்கியது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விசைப்பலகை, திரை எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் சில்லுகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. கடையில் கேட்டால் புதிது வாங்கச் சொல்கிறார்கள். நல்லபடியாக ஓடும் ஒரு பொருளை மின்கழிவுத் தொட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவின் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. யூடியூப், மின்னஞ்சல், சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளம்) வழியாக மசேநிதி, அதாவது மத்திய சேமநிதிக் கணக்கு பார்ப்பது. முக்கியமானது தமிழ் தட்டச்சு. கோயில் ஆண்டு மலருக்குப் பல வருடங்களாகக் கட்டுரை எழுதுகிறார். தமிழ்99 விசைப்பலகை இல்லாமல் அவருக்கு ஆகாது.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று அலுவலக நண்பர் ஒருவர் தன்னிடம் ரொம்ப நாளாக இருந்த தம்ப்டிரைவைக் கொடுத்தார். கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவில் அது தெரிகிறது. தேர்ந்தெடுத்தால் கறுப்புத் திரையில் இரண்டே வரி. முதல் வரியில் 'ஷிம் எஸ்பாட்' தரவைச் சரிபார்க்க முடியவில்லை, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று வருகிறது. அடுத்த வரியில் ஏதோ பெரிய கோளாறு என்று சொல்லிவிட்டுச் சில நொடிகளில் கணினி தானாக அணைந்துவிடுகிறது. விண்டோஸ் வழக்கம்போல வருகிறது. தம்ப்டிரைவ் கெட்டுப்போயிருக்குமா?

கறுப்புத்திரை எழுதியது:

தம்ப்டிரைவ் கெடவில்லை. கணினி தொடங்கும்போது நிரல்களைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் தடுக்கிறது, அவ்வளவுதான். பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் அதை அணைத்துவிட்டு மறுபடி பூட் செய்யுங்கள், வந்துவிடும்.

தெம்பனிஸ்_அக்கா எழுதியது:

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். செக்யூர் பூட்டில் கை வைப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும்.

விண்டோஸ் அமைப்புகளில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று ஒரு பக்கம் இருக்கும். வட்டில் உள்ளதையெல்லாம் குறியாக்கிப் பூட்டிவைக்கும் வசதி அது. ஹோம் பதிப்பில்கூடப் பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்த அன்றே அது தானாக இயங்கியிருக்கும். உங்கள் அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அது இயங்கும் நிலையில் செக்யூர் பூட்டை அணைத்தால், அடுத்த தடவை விண்டோஸைத் திறக்கும்போது நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் கையில் இல்லையென்றால் கட்டுரைகள், புகைப்படங்கள் எல்லாம் உள்ளேயே பூட்டிக் கிடக்கும். யாராலும் திறக்க முடியாது. கடைக்குக் கொண்டுபோனாலும் அதே கதைதான்.

அந்த எண் பெரும்பாலும் அம்மாவின் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கருவியில் அந்தக் கணக்கைத் திறந்து, எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கணினியிலேயே சேமித்துப் பயனில்லை. இல்லாவிட்டால் என்கிரிப்ஷனை முழுதாக அணைத்து, அது முடியும்வரை காத்திருங்கள். அதன் பிறகு பயாஸைத் தொடலாம்.

என்னிடம் உதவி கேட்டு வருபவர்களில் அதிகம் பேர் கோப்புகளை இழப்பது இந்த இடத்தில்தான். மிண்ட் நிறுவுவது அரைமணி நேர வேலை. அதற்கு முன்னால் செய்யவேண்டியதற்கு ஒரு முழு மாலை ஒதுக்கினால் தகும்.

மின்பொறி எழுதியது:

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். அந்தப் பிழை ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சிக்கலுக்குச் செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை.

செக்யூர் பூட் இயங்கும்போது கையொப்பமிட்ட நிரலை மட்டும்தான் கணினி தொடங்கவிடும். லினக்ஸ் பக்கம் அந்தக் கையொப்பத்தைத் தாங்கி வரும் சிறிய நிரல்தான் ஷிம். அது மைக்ரோசாஃப்ட் கையொப்பம் பெற்றது. ஷிம் எழுந்து, இயங்குதளத்தை ஏற்றிவிடும் கிரப் என்ற பூட் லோடரைச் சரிபார்த்து எழுப்புகிறது. பழைய கிரப், பழைய ஷிம் பதிப்புகளில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒவ்வொரு கையொப்பத்தையும் தனித்தனியாக ரத்து செய்துகொண்டிருந்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதற்காக வந்தது எஸ்பாட். 'இந்தத் தலைமுறைக்குக் கீழே உள்ள பூட் நிரல்கள் செல்லாது' என்று ஒரே வரியில் சொல்லிவிடும் ஏற்பாடு அது.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு அந்த வரம்பை உயர்த்தியது. விண்டோஸ் 10க்கும் அது வந்தது. விண்டோஸோடு சேர்த்து லினக்ஸ் வைத்திருந்தவர்கள் பலர் அந்த மாதம் நீங்கள் பார்த்த அதே இரண்டு வரிகளைத்தான் பார்த்தார்கள். வரம்பு விண்டோஸ் கோப்புகளில் இல்லை, கணினியின் மதர்போர்டு நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் அதற்கு முன் உருவாக்கிய பழைய தம்ப்டிரைவ் எதை வைத்தாலும் இதே கதிதான்.

தீர்வு எளிது. மிண்ட் 22 வரிசையில் இப்போது தளத்தில் இருக்கும் புதிய ஐஎஸ்ஓவை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய நிறுவல் கோப்பு) பதிவிறக்கி, தம்ப்டிரைவைப் புதிதாக உருவாக்குங்கள். செக்யூர் பூட் இயங்கியபடியே பூட் ஆகும். மிண்ட் 22 உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும்.

கறுப்புத்திரை எழுதியது:

சரி, புதிய ஐஎஸ்ஓ நல்ல வழிதான். ஆனால் விண்டோஸே பழகிய ஒருவருக்கு ஏன் லினக்ஸ்? ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து விண்டோஸ் 11 தம்ப்டிரைவ் உருவாக்கும்போது டிபிஎம் (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட், ரேம் சோதனைகளை நீக்கும் தெரிவு இருக்கிறது. ஆறாம் தலைமுறை ஐ5 அதைத் தாராளமாகத் தாங்கும். அம்மாவுக்குப் பழகிய திரையே இருக்குமே?

மின்பொறி எழுதியது:

தாங்கும், மறுக்கவில்லை. நிறுவியும் பார்த்திருக்கிறேன், வேகமும் பரவாயில்லை. ஆனால் தகுதி இல்லாத கணினிகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. மாதாந்திரத் திருத்தங்கள் இதுவரை வந்துகொண்டிருக்கின்றன. வருடாந்திரப் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் தம்ப்டிரைவ் எடுத்து ஒருவர் உட்கார வேண்டும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு பழைய சில்லுகள் சிலவற்றை முழுதாகவே கைவிட்டது. ஆறாம் தலைமுறை அதில் தப்பித்தது, அடுத்ததில் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளை இருந்தால் செய்யலாம். கணினியைத் தனியாகப் பயன்படுத்தும் ஒரு பெரியவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உடனே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு விண்டோஸ் 10 நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குள் நிதானமாக மாறலாம்.

ஈசூன்வாசி எழுதியது:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. பார்த்தேன், என்கிரிப்ஷன் இயங்கிக்கொண்டுதான் இருந்தது! அம்மாவின் கணக்கிலிருந்து எண்ணை எடுத்து எழுதி வைத்துவிட்டேன். மிண்ட் என்றே முடிவு செய்துவிட்டோம். புதிய தம்ப்டிரைவை எப்படி உருவாக்குவது, எதைக் கவனிக்க வேண்டும் என்று கொஞ்சம் சொல்லுங்களேன்.

தெம்பனிஸ்_அக்கா எழுதியது:

8 ஜிபி தம்ப்டிரைவ் போதும், மிண்ட் ஐஎஸ்ஓ 3 ஜிபியை ஒட்டித்தான் இருக்கும். அதில் ஏற்கெனவே உள்ளதெல்லாம் அழிந்துவிடும், ஞாபகம் இருக்கட்டும். பதிவிறக்கம் முடிந்ததும் விண்டோஸின் பவர்ஷெல் கட்டளைச் சாளரத்தில் அந்தக் கோப்பின் ஷா256 எண்ணை (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) எடுத்து, மிண்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டு விடாமல் முழுதாக ஒட்டித் தேடுங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கம் நிறுவலின் நடுவில் தொல்லை கொடுக்கும், அப்போது காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுங்கள், பார்ட்டிஷன் (வட்டைப் பிரிக்கும்) முறை ஜிபிடி, இலக்கு யூஇஎஃப்ஐ. எழுதத் தொடங்கும்போது ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ முறை. அதில் பூட் ஆகாவிட்டால் டிடி. கோப்பை வெறுமனே இழுத்துத் தம்ப்டிரைவில் போட்டால் பூட் ஆகாது, அதனால்தான் இந்தக் கருவி. அடிக்கடி வேறு வேறு இயங்குதளம் சோதிப்பவர் என்றால் வென்டாய் என்ற கருவியை வைத்துக்கொள்ளலாம். அதில் மட்டும் ஐஎஸ்ஓக்களை இழுத்துப் போட்டாலே போதும். ஒருமுறை வேலைக்கு ரூஃபஸே சுலபம்.

பூட் மெனு விசை கருவிக்குக் கருவி மாறும். எச்பியில் எஃப்9, டெல்லிலும் திங்க்பேடிலும் எஃப்12. ஏசரில் எஃப்12 பயாஸுக்குள் அணைந்திருக்கும், அதை முதலில் இயக்க வேண்டும்.

இப்போது முக்கியமான சங்கதி. பூட் ஆனவுடன் மேசைத்திரையில் 'நிறுவு' என்ற சின்னம் இருக்கும். அதை அழுத்தாதீர்கள். அந்த நிலையில் மிண்ட் தம்ப்டிரைவிலிருந்தே ஓடுகிறது, எஸ்எஸ்டியில் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, கேமரா, தொடுதளம், திரை வெளிச்சம் குறைகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாம் பாருங்கள். அம்மாவை உட்காரவைத்து அவரையே பயன்படுத்தச் சொல்லுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் சிங்பாஸ் க்யூஆர் குறியைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து மசேநிதி பக்கத்தைத் திறக்கட்டும். அவருக்குப் பிடித்திருந்தால் மட்டும் அடுத்த அடி.

அப்புறம் ஒரு கேள்வி. அம்மாவின் பழைய கட்டுரைகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன?

ஈசூன்வாசி எழுதியது:

புதியவை எல்லாம் யூனிகோட்தான். ஆனால் 2000க்கு முன்பிருந்தே எழுதியவை ஒரு கோப்புறை நிறைய இருக்கின்றன. அவை வேர்டில் திறந்தால் சரியாகத் தெரிகின்றன. ஏன் அக்கா?

தெம்பனிஸ்_அக்கா எழுதியது:

அதைத்தான் எதிர்பார்த்தேன். அவை யூனிகோடில் இருக்க வாய்ப்பில்லை. 1997ல் இங்கே சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்ததே, அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் முறை) இருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் அவை. கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. அந்த எழுத்துரு இருக்கும்வரைதான் தமிழாகத் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மேலே புள்ளியும் கோடும் வைத்த லத்தீன் எழுத்துகளாகத்தான் வரும்.

எஸ்எஸ்டியை அழித்துவிட்டு மிண்ட் போட்டால் அந்த எழுத்துருக்களும் போய்விடும். சில இன்று எங்கு தேடினாலும் கிடைக்காது. ஆகவே ஆவணங்களோடு விண்டோஸின் ஃபாண்ட்ஸ் கோப்புறையையும் முழுதாக வெளிவட்டில் நகலெடுங்கள். எது தேவை என்று பொறுக்கி எடுக்க வேண்டாம், எல்லாவற்றையும் எடுங்கள். நகலெடுத்தபின் வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டு, ஒன்றிரண்டு கோப்புகளைத் திறந்து பாருங்கள். இதெல்லாம் விண்டோஸ் ஓடும்போதே செய்ய வேண்டியது. பூட்டிய எஸ்எஸ்டியை மிண்ட் வழியாகப் படிப்பது வீண் அலைச்சல்.

அதோடு ஒவ்வொரு பழைய கட்டுரையையும் பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள். பிடிஎஃப்பில் எழுத்து வடிவம் உள்ளேயே பதிந்துவிடும், எந்தக் கணினியிலும் படிக்கலாம்.

கப்பல்பட்டறை எழுதியது:

அண்ணே, அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் துவாஸில் வேலை செய்கிறேன், பாதுகாப்புப் படிப்பு ஒன்றுக்காகப் பழைய மடிக்கணினி வாங்கினேன். பதினோராம் தலைமுறை. எஸ்எஸ்டி புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. விண்டோஸ் 11 பென்டிரைவ் நன்றாக பூட் ஆகிறது. ஆனால் எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் பட்டியல் காலி. பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறது. திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

மின்பொறி எழுதியது:

திருப்பிக் கொடுக்க வேண்டாம் தம்பி. பயாஸில் தெரிகிறது என்றால் எஸ்எஸ்டி பிழைத்திருக்கிறது. பதினோராம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் இன்டெல் விஎம்டி என்ற அமைப்பு இயங்கியபடி வரும். எஸ்எஸ்டி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், நிறுவும் நிரலில் அதற்கான டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு நிரல்) இருக்காது.

இரண்டு வழி. மடிக்கணினி நிறுவனத்தின் ஆதரவுத் தளத்தில் உங்கள் மாடலுக்கு 'இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ்' டிரைவரைப் பதிவிறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு கோப்புறையாகப் போடுங்கள். காலிப் பட்டியல் வரும் திரையில் 'லோட் டிரைவர்' அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால் எஸ்எஸ்டி உடனே தெரியும். அல்லது பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுங்கள். எஸ்எஸ்டி காலியாக இருப்பதால் உங்களுக்கு இரண்டுமே சரி. ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியில் இரண்டாவதைச் செய்தால் அந்த விண்டோஸ் பூட் ஆகாது, மற்றவர்கள் கவனிக்க. லினக்ஸ் நிறுவும்போதும் வட்டு தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கப்பல்பட்டறை எழுதியது:

டிரைவர் போட்டதும் வந்துவிட்டது அண்ணே! இப்போது நிறுவிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நன்றி.

செங்காங்_அப்பா எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் என் மகனுக்கும் ஆசை வந்துவிட்டது. உயர்நிலை இரண்டில் படிக்கிறான். பள்ளியில் வாங்கிய மடிக்கணினியில் தம்ப்டிரைவ் வழியாக லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறான்.

தெம்பனிஸ்_அக்கா எழுதியது:

வேண்டாம் ஐயா. அது கல்வி அமைச்சின் தனிநபர் கற்றல் சாதனத் திட்டத்தில் வாங்கியது. மாணவர்களுக்கான அரசாங்க எடுசேவ் கணக்குப் பணத்தில் வாங்கிச் சொந்தமாகவே இருந்தாலும், படிப்பு முடியும்வரை அதில் பள்ளியின் சாதன மேலாண்மைச் செயலி இருக்க வேண்டும். இயங்குதளத்தை அழித்தால் அதுவும் போகும், வகுப்பில் சிக்கல் வரும். பிள்ளையின் ஆர்வத்தைத் தடுக்கவும் வேண்டாம். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினி ஏதாவது இருந்தால் எடுத்துக் கொடுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பு ஓடும். கெட்டாலும் பரவாயில்லை என்கிற கருவியில்தான் பிள்ளைகள் துணிந்து கற்றுக்கொள்வார்கள்.

ஈசூன்வாசி எழுதியது:

புதிய ஐஎஸ்ஓ, செக்யூர் பூட்டை அணைக்காமலே பூட் ஆனது. ஒலி, கேமரா எல்லாம் சரி. அம்மா சிங்பாஸும் திறந்து பார்த்துவிட்டார். வைஃபை மட்டும் வரவில்லை, பட்டியலில் ஒரு வலையமைப்பும் இல்லை. உள்ளே இருப்பது பிராட்காம் சில்லு என்று தெரிகிறது.

மின்பொறி எழுதியது:

பிராட்காமுக்குத் தனி டிரைவர் வேண்டும். அதைப் பதிவிறக்க இணையம் வேண்டும். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' இயக்குங்கள். மிண்ட் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். அப்படியே நிறுவி முடித்து, பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவரைத் தானே பரிந்துரைக்கும்.

செக்யூர் பூட் இயங்குவதால் அப்போது ஒரு கடவுச்சொல் உருவாக்கச் சொல்லும். அது இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான், ஆனால் எழுதி வையுங்கள். மறுதொடக்கம் செய்ததும் நீலத் திரையில் 'எம்ஓகே மேனேஜ்மென்ட்' என்று வரும். சில நொடிகளுக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது பாட்டுக்குத் தாண்டிப் போய்விடும், வைஃபையும் வராது. 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்', கடவுச்சொல், மறுதொடக்கம். இதே வரிசைதான். பலர் அந்த நீலத் திரையைக் கண்டதும் கோளாறு என்று நினைத்து அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள்.

ஈசூன்வாசி எழுதியது:

நிறுவிவிட்டோம், வைஃபை வந்துவிட்டது. தமிழ்தான் மீதி. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்று ஒன்று இருந்தது, சேர்த்தேன். ஆனால் அம்மா, 'புள்ளி தானாக வரவில்லை, இது என் தமிழ்99 இல்லை' என்கிறார்.

தெம்பனிஸ்_அக்கா எழுதியது:

அம்மா சொல்வது சரி. 1999ல் வகுத்த தமிழ்99 முறையில் எழுத்துகளின் இடத்தோடு விதிகளும் உண்டு. 'க' விசையை இரண்டு முறை அழுத்தினால் 'க்க' வரவேண்டும். 'ந' அடுத்து 'த' அழுத்தினால் 'ந்த'. நீங்கள் சேர்த்தது விசைக்கு ஒரு எழுத்து தரும் வெறும் தளக்கோலம். அதற்கு இந்த விதிகள் தெரியாது, ஒவ்வொரு புள்ளியையும் தனியாக அடிக்க வேண்டியிருக்கும். வேகமாக அடித்துப் பழகியவருக்கு அது பெரிய இடைஞ்சல்.

அதை நீக்கிவிட்டு மென்பொருள் மேலாளரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகள் இரண்டையும் நிறுவுங்கள். 'இன்புட் மெத்தட்' அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழுக்குக் கீழே தமிழ்99ஐச் சேர்த்தால் போதும். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.

பழைய எழுத்துருக் கோப்புகளை ஒவ்வொன்றாக இருமுறை சொடுக்கி 'இன்ஸ்டால்' கொடுங்கள், மிண்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரஆஃபீஸை மூடித் திறங்கள்.

ஈசூன்வாசி எழுதியது:

புள்ளி தானாக வருகிறது. அம்மா ஒரு பத்தி அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பழைய கட்டுரைகளும் லிப்ரஆஃபீஸில் தமிழாகவே திறக்கின்றன. ஒரே ஒரு கோப்பில் மட்டும் தலைப்புகள் சரி, உடல்பகுதி முழுக்க லத்தீன் எழுத்துகள்.

தெம்பனிஸ்_அக்கா எழுதியது:

அந்தக் கோப்பில் இரண்டு எழுத்துருக்கள் கலந்திருக்கின்றன. உடல்பகுதியில் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். சாய்வெழுத்தில் தெரிந்தால் அந்த எழுத்துரு நிறுவப்படவில்லை என்று பொருள். அதே பெயரை வெளிவட்டில் நகலெடுத்த ஃபாண்ட்ஸ் கோப்புறையில் தேடுங்கள். கோப்பின் பெயர் சுருக்கமாக வேறு மாதிரி இருக்கும், ஆகவே திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் எழுத்துருவின் பெயரை இங்கே எழுதுங்கள், என் பழைய வட்டுகளில் பார்க்கிறேன்.